ரேவதி எங்கே? – வெளிச்சம் போட்டே நாம் தொலைத்த வானம்

ஸ்ரீரங்கத்தில் யாரையாவது வழியில் நிறுத்தி "உங்க நட்சத்திரம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்கள். ரோகிணி, பூசம், திருவாதிரை, கார்த்திகை. அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம். அடுத்ததாக, "சரி, அது வானத்துல எங்க இருக்கு, கையை நீட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ரோகிணி, திருவாதிரை காரர்களுக்குப் பரவாயில்லை. அவை இரண்டும் நல்ல பிரகாசம், எவ்வளவு விளக்கு எரிந்தாலும் தப்பித்துக்கொள்ளும். பாவம் ரேவதிக்காரர்கள். பெரிய பெருமாளின் திருநட்சத்திரமே பங்குனி ரேவதிதான். ரேவதி என்று பொதுவாக அடையாளம் காட்டப்படுவது மீன ராசியில் இருக்கும் ஸீட்டா என்ற மங்கலான விண்மீன். அதன் பிரகாச எண் ஏறக்குறைய 5. (இந்த எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும்.) நம்ம ஊர் மாதிரி விளக்கு வெள்ளத்தில் மிதக்கும் ஊர்களில் 4 தெரிந்தாலே அதிர்ஷ்டம். ஆக, அரங்கனின் நட்சத்திரம் அரங்கத்திலிருந்தே தெரிவதில்லை! இதைப் பற்றி யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால் இது ஒரு சண்டைப் பதிவு. பொறுமை இருப்பவர்கள் தொடருங்கள் :-)

முதலில் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், வகுப்பில் பாதிப் பேர் நான் ஏதோ ஜோசியம் படிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சின்ன தொலைநோக்கியில் பழைய கேமராவை மாட்டி ஆழ்வான் பொருட்களைப் படம் எடுப்பது. ஆழ்வான் என்றால் நிலா, சனி, வியாழன் எல்லாம் தாண்டி, சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் நெபுலாக்கள், நட்சத்திரக் கொத்துகள், கேலக்ஸிகள். வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கொல்லைப்புறத்தில் செய்கிறார்கள். நம் ஊர்க் கொல்லைப்புறத்தில் தென்னை மரமும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான் தெரியும். எனவே மொட்டைமாடி.

இந்த வேலையைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளும் அறிவுரைகளும் கிட்டத்தட்ட ஐந்து வகை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "அதான் நாசா எடுத்து வச்சிருக்கே, நீ எதுக்கு?"

சபாக்களில் பெரிய வித்வான்கள் பாடுகிறார்கள், அதனால் உங்கள் தங்கை பாட்டு கற்றுக்கொள்ளக் கூடாதா? இது முதல் பதில். இரண்டாவது பதில் இன்னும் பலமானது. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்று. 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நாசாவும் எடுத்தது, எல்லோரும் எடுத்தார்கள். 2022-ல் யான் சைண்டி, மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற மூன்று அமெச்சூர்கள் நூறு மணி நேரத்துக்கும் மேல் சேர்த்த படத்தில், ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு நீல வில்லைக் கண்டுபிடித்தார்கள். அயனியான ஆக்சிஜன் விடும் ஒளி அது. அதுவரை எந்தப் பெரிய ஆய்வகத்தின் கண்ணிலும் படவில்லை. 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து அது கட்டுரையாக வெளிவந்தது. அவர்களிடம் இருந்தது சுமார் நாலு அங்குலத் தொலைநோக்கி. "எல்லாம் எடுத்தாச்சு" என்பது சோம்பேறிகளின் சித்தாந்தம், அவ்வளவுதான்.

இரண்டு: "சாஃப்ட்வேர்ல வெளிச்சத்தைக் கழிச்சுட வேண்டியதுதானே?"

கணினிப் பசங்களின் கேள்வி இது. ஒரு உதாரணம் சொல்கிறேன். மணல் லாரியை எடைமேடையில் ஏற்றுகிறோம். லாரி மேல் ஒரு முழம் மல்லிப்பூவை வைக்கிறோம். மொத்த எடையிலிருந்து லாரி எடையைக் கழித்தால் பூவின் எடை வந்துவிடும் என்பது கணக்குப் புத்தகத்தில் சரி. ஆனால் எடைமேடை முள் பத்து கிலோ முன்னே பின்னே ஆடுகிறதே! பூ அந்த ஆட்டத்திலேயே காணாமல் போகிறது.

வானத்திலும் இதே கதைதான். ஒளி ஃபோட்டான் ஃபோட்டானாக வருகிறது, சீராக வராது. 10,000 ஃபோட்டான் வர வேண்டிய இடத்தில் சராசரியாக 100 முன்னே பின்னே ஆடும் (வர்க்கமூலம், பிளஸ் டூ கணக்குதான்). கேமராவின் ஒரு புள்ளியில் ஊர் வெளிச்சம் 10,000 ஃபோட்டான், நெபுலா வெறும் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆடுகிற இடத்தில் 50-ஐ எங்கே தேடுவது? அதே நெபுலாவை ஊர் வெளிச்சம் 25-ல் ஒரு பங்காக, அதாவது 400-ஆக இருக்கும் இடத்திலிருந்து எடுத்தால் ஆட்டம் சுமார் 21. இப்போது 50 பளிச்சென்று தெரியும்.

படங்களை அடுக்கினால் சரியாகாதா என்பீர்கள். ஆகும். நகரத்தில் 25 படம் எடுத்து அடுக்கினால், இருட்டில் எடுத்த ஒரே படத்துக்குச் சமம். அதாவது அங்கே ஒரு மணி நேரம், இங்கே 25 மணி நேரம். நகர வானத்துக்கும் நல்ல இருட்டு வானத்துக்கும் மூன்றரை பிரகாச எண் வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். மூன்றரை என்றால் 25 மடங்கு. நான் ஏதோ மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கழித்தல் தெரிந்த எந்த மென்பொருளாலும் அந்த 24 மணி நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

மூன்று: "ஃபில்டர்னு ஒண்ணு இருக்காமே, வாங்கிப் போடு!"

இருக்கிறது. விலையும் இருக்கிறது. ஆனால் கேளுங்கள். முன்பு தெருவில் எரிந்த மஞ்சள் சோடியம் விளக்கு, தன் ஒளியில் பெரும்பங்கை 589 நானோமீட்டரை ஒட்டியே கொட்டும். அந்தத் துண்டை மட்டும் வெட்டும் ஃபில்டர் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். இப்போது எல்லாம் வெள்ளை எல்.இ.டி. அது நீலத்தில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு முகடு, அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. எதை வெட்டுவது?

குறுகிய பட்டை ஃபில்டர் என்று ஒரு வகை உண்டு. ஹைட்ரஜன் விடும் 656 நானோமீட்டர் சிவப்பு, ஆக்சிஜன் விடும் 501 நானோமீட்டர் பச்சை ஆகியவற்றை மட்டும் உள்ளே விடும். ஓரியன் நெபுலா மாதிரி தானாக ஒளிவிடும் வாயுவுக்கு அது பிரமாதம். ஆனால் கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் கலந்தது. ஊர் வெளிச்சத்தை வெட்டினால் கேலக்ஸியும் சேர்ந்து வெட்டுப்படும்.

கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பெண்கள் என்று நாம் கதை சொல்லும் அந்தக் கொத்து சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. படம் எடுத்தால் அதைச் சுற்றி மெல்லிய நீலத் திரை விரியும். நட்சத்திர ஒளியைத் தூசு பிரதிபலிப்பதால் வரும் நீலம் அது. அந்த நீலத்தின் மேலேயே நம் எல்.இ.டி.யின் நீலமும் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, காற்றில் அதிகம் சிதறுவதும் நீலம்தான். பகலில் வானம் நீலமாக இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். இந்தத் திருட்டைப் பிடிக்கும் ஃபில்டர் கடையில் கிடையாது.

நான்கு: "கொல்லிமலைக்குப் போய் எடுத்துக்கோ"

இது பெரிய மனிதர்கள் சொல்லும் அறிவுரை. கொல்லிமலையில் இருண்ட வானப் பூங்கா அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. லடாக்கில் ஹான்லே 2022-ல் இருண்ட வானக் காப்பகம் ஆனது. மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. மூன்றுக்கும் கை தட்டுகிறேன். ஆனால் அதன் அர்த்தத்தையும் யோசியுங்கள். புலிக்குச் சரணாலயம் வைத்தோம், ஏனென்றால் மற்ற எல்லா இடத்திலும் புலியை ஒழித்துவிட்டோம். இப்போது இருட்டுக்கும் சரணாலயம். நாளைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பால்வீதியைப் பார்த்துவிட்டு, "ஹை, சூப்பரா இருக்கு" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம்.

முக்காலி, பேட்டரி, தொலைநோக்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மலை ஏற ஒரு மாணவனால் வருஷத்துக்கு எத்தனை தடவை முடியும்? கார் இருப்பவனுக்கு மட்டும் கேலக்ஸி, இல்லாதவனுக்கு நாசா படம் என்பது என்ன நியாயம்? வானம் மட்டும்தான் இதுவரை யாருக்கும் பட்டா போடப்படாமல் இருந்தது. அதையும் இப்படிப் பிரித்தாகிவிட்டது.

இன்னொரு விஷயம். கொல்லிமலைக்கோ லடாக்குக்கோ போகச் சொல்பவர்களுக்கு, நம் ஊர் வானம் என்ன வானம் என்றே தெரியவில்லை. திருச்சி சுமார் 10.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் தெற்கு வானத்தின் பொக்கிஷங்கள் நமக்குத் தெரியும். ஒமேகா சென்டாரி என்று ஒரு நட்சத்திரக் கொத்து. சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள். லண்டனில் அது எழும்புவதே இல்லை. எட்மண்ட் ஹாலி அதைப் பார்ப்பதற்கு 1677-ல் அட்லாண்டிக்கின் நடுவே செயின்ட் ஹெலினா தீவில் இருக்க வேண்டியிருந்தது. டெல்லியில் அடிவானத்திலிருந்து சுமார் 14 டிகிரியோடு நின்றுவிடும். நமக்கு? சுமார் 32 டிகிரி! ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, மே நடுவில் இரவு பத்து மணி வாக்கில் சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே 36 டிகிரி இறங்கினால் அதுதான். கரீனா நெபுலாவும் அப்படியே. டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தில் புழுதிக்குள் இருக்கும். ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் நமக்குச் சுமார் 19 டிகிரி உயரத்தில் இருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்காரனின் சோகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தப் பொக்கிஷம் எல்லாம் தெற்கே. நமக்குத் தெற்கே என்ன இருக்கிறது? 236 அடி ராஜகோபுரம், காவிரி, ஆற்றைத் தாண்டினால் மலைக்கோட்டை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு, தில்லைநகர், அப்புறம் மொத்தத் திருச்சி. ஹாலி கப்பல் ஏறிப் போய்ப் பார்த்ததை நாம் மாடிப்படி ஏறிப் பார்த்திருக்கலாம். அந்தத் திசையைத்தான் தேர்ந்தெடுத்தாற்போல் வெள்ளையடித்து வைத்திருக்கிறோம்.

நம்பிக்கை வரவில்லையா? சென்னை நுங்கம்பாக்கத்தைப் பாருங்கள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் அங்கிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். மெட்ராஸ் வானத்தில் அது அதிகபட்சம் 14 டிகிரிதான் ஏறும், உச்சப் பிரகாசத்தில்கூட வெறுங்கண்ணுக்குச் சுலபத்தில் சிக்காது. அதை நுங்கம்பாக்கத்திலிருந்து பிடித்திருக்கிறார். இன்றைக்கு அதே இடத்தில் நின்று அடிவானத்திலிருந்து 14 டிகிரியைப் பார்த்தால் என்ன தெரியும் என்று சென்னை நண்பர்களே சொல்லட்டும்.

காவலூரும் ஒரு சாட்சி. ஜவ்வாது மலையில் இருட்டு இருந்ததால்தான் அங்கே வானாய்வகம் வந்தது. 1988-ல் அங்கே ராஜமோகன் ஒரு சிறுகோளைப் படத்தில் பிடித்தார். அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். நம் பக்கத்து கும்பகோணத்துப் பையன் பெயரில் வானத்தில் ஒரு பாறை சுற்றுவதற்குக் கணிதம் பாதி காரணம் என்றால் இருட்டு மீதிப் பாதி.

ஐந்து: "விளக்கு இல்லேன்னா பாதுகாப்பு?"

மேலே உள்ள நான்கையும் கிண்டல் செய்தேன். இதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ராத்திரி டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பெண்ணுக்கும், வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கும் அம்மாவுக்கும் இருட்டு என்பது கவிதை இல்லை, பயம். அந்தப் பயம் நிஜம். "கேலக்ஸி பார்க்கணும், தெருவிளக்கை அணை" என்று எவனாவது சொன்னால் அவனை நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. வானத்துக்குப் போகும் வெளிச்சம் யாரைப் பாதுகாக்கிறது? வௌவாலையா? தெருவில் விழ வேண்டிய வெளிச்சம்தானே மேலேயும் பக்கவாட்டிலும் போய் வீணாகிறது. நான் கேட்பது தெருவுக்குக் குறைந்த வெளிச்சம் இல்லை, கூடுதல் வெளிச்சம். மேலே கவசம் வைத்து, முழு ஒளியையும் கீழே தள்ளும் விளக்கு இருந்தால் குறைந்த வாட்டிலேயே தரை நன்றாகத் தெரியும். கண்ணில் நேராக அடிக்கும் வெள்ளை விளக்குக்குப் பின்னால் ஒருவன் நின்றால் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. கண் கூசினால் கண்மணி சுருங்கும், பக்கத்து நிழல் இன்னும் கறுப்பாகும். எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரியைச் சந்தித்த எல்லோருக்கும் இது தெரியும். பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள்தான் முதலில் கூசும் விளக்குக்கு எதிராகக் கொடி பிடிக்க வேண்டும்.

விளம்பரப் பலகை இரவு மூன்று மணிக்கு யாருக்காக எரிகிறது? பூட்டிய கடையின் பெயர்ப்பலகை யாருக்காக? உள்தெருவில் ஒரு விளக்கும் எரியாமல் இருக்கும்போது, பக்கத்திலேயே கல்யாண மண்டபத்து வாசல் பட்டப்பகலாக இருக்கிறதே, அது எந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கு? பாதுகாப்பு என்ற நல்ல வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்திருப்பது ஆடம்பரம்தான்.

கோபுரத்துக்கு விளக்கு வேண்டாமா என்றும் கேட்பார்கள். வேண்டும், அழகாகத்தான் இருக்கிறது. கோபுரத்தின் மேல் மட்டும் விழுகிற மாதிரி திருப்பிவைத்து, ஊர் தூங்கிய பிறகு அணைத்தால் கோபுரத்தின் பெருமை ஒரு அங்குலம்கூடக் குறையாது. விளக்கே இல்லாத காலத்திலும் கோபுரங்கள் கம்பீரமாகத்தான் நின்றன.

இது என் பொழுதுபோக்குப் பிரச்சினை மட்டும் இல்லை

2016-ல் வந்த உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் இடத்திலிருந்து பால்வீதி தெரிவதில்லை. 2023-ல் சயன்ஸ் இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் தங்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 51,351 கணக்கெடுப்புகள். முடிவு, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது. 250 விண்மீன் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, 18 வயதில் அதே இடத்தில் 100 விண்மீன்தான் பார்க்கும் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அதாவது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் பிறந்த வானம் வேறு, இப்போது தலைக்கு மேல் இருக்கும் வானம் வேறு.

இதைச் சரிசெய்ய முடியாதா? காவிரியில் கலந்த சாயத்தை எடுக்கப் பல வருஷம் ஆகும். ஒளி மாசு ஒன்றுதான் சுவிட்சைத் தட்டிய அடுத்த நொடி காணாமல் போகும் மாசு. அமெரிக்காவில் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஊர் 1958-லேயே தேடுவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, 2001-ல் உலகின் முதல் இருண்ட வான நகரம் ஆனது. அங்கே யாரும் இருட்டில் தடுக்கி விழுந்துகொண்டிருக்கவில்லை. பிரான்சில் 2013 முதல் கடைகளின் காட்சி ஜன்னல் விளக்குகளை இரவு 1 மணிக்குள் அணைக்க வேண்டும் என்று விதி. பாரிஸை ஒளி நகரம் என்று கொண்டாடும் நாடு அது!

ஆக என் கோரிக்கைகள் நாலே நாலுதான். விளக்குக்கு மேலே கவசம். வெள்ளை நீலத்துக்குப் பதில் 3000 கெல்வினுக்கு மேற்படாத இதமான மஞ்சள். நள்ளிரவுக்குப் பிறகு விளம்பரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓய்வு. புதிதாக விளக்கு போடும்போது "எவ்வளவு பிரகாசம்" என்பதோடு "எந்தப் பக்கம்" என்றும் ஒரு கேள்வி. இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஒரு தகர மூடி சமாசாரம்.

நகராட்சி மாறட்டும், அரசாங்கம் மாறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு வாசல் விளக்கையும் மாடி விளக்கையும் போய்ப் பாருங்கள். பல்ப் நேராகக் கண்ணில் தெரிகிறதா? தெரிந்தால் அது தெருவுக்கு எரியவில்லை, வானத்துக்கு எரிகிறது. கரண்டு பில் மட்டும் உங்களுக்கு. ஒரு மூடி போடுங்கள், கொஞ்சம் கீழே திருப்புங்கள். அடுத்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தத் தெருவில் மறுநாளே ரேவதி வந்து நிற்க மாட்டாள், தெரியும். ஆனால் வானத்தைத் தொலைத்ததும் இப்படி ஒவ்வொரு வாசலாகத்தானே?

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் தெருவிளக்கைக் கல்லால் அடித்துவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம். திருப்பத்தான் சொன்னேன், உடைக்கச் சொல்லவில்லை!